தேய்ந்த ஜாக்கி வீலுக்கு மாற்றாக எதை வாங்குவது?

சைக்கிளின் பின் கியரை மாற்றும் கருவியான டீரெய்லரில் செயின் சுற்றிப்போகும் சின்னப் பல்சக்கரங்கள்தான் ஜாக்கி வீல்கள். அவற்றை ஜோடியாகத்தான் விற்கிறார்கள். அட்டையில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் அந்த இரண்டு சின்னப் பல்சக்கரங்களும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி தெரியும். அதனால் எந்த ஜோடி நல்லது, பிளாஸ்டிக்கா, அலுமினியமா, செராமிக்கா என்று தேட ஆரம்பித்துவிடுகிறோம். ஆனால் பின் டீரெய்லரில் மேலே இருக்கும் சக்கரமும் கீழே இருக்கும் சக்கரமும் வேறு வேறு வேலை பார்க்கின்றன. மேல் சக்கரம் செயினைப் பக்கவாட்டில் தள்ளி ஒரு கியரிலிருந்து அடுத்த கியருக்குக் கொண்டுபோகிறது. கீழ் சக்கரம் செயினின் தொய்வை இழுத்துப் பிடிக்கிறது. கியர் சுத்தமாக விழுகிறதா இல்லையா என்பது பெரும்பாலும் மேல் சக்கரத்தின் கையில் இருக்கிறது. இதை மனதில் வைத்துக்கொண்டு பார்த்தால், விற்பனைக்கு இருப்பவற்றில் பாதி தானாகவே விலகிவிடும்.

என் முடிவை இப்போதே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலானவர்களுக்கு டீரெய்லரைச் செய்த நிறுவனமே அந்த மாடலுக்கென்று தரும் அசல் ஜோடிதான் சரியான தெரிவு. அதற்கும் முன்னால், இருக்கும் சக்கரத்தையே கழற்றிச் சுத்தம் செய்து கிரீஸ் போட்டுப் பார்ப்பது நல்லது. மற்ற தெரிவுகள் கெட்டவை என்று சொல்ல வரவில்லை. யாருக்கு, எதற்காக என்பதைத்தான் பார்க்கவேண்டும்.

உண்மையிலேயே தேய்ந்திருக்கிறதா?

பல் கூர்மையாகிவிட்டது என்பதுதான் எல்லோரும் முதலில் கவனிப்பது. புதுச் சக்கரத்தில் பல்லின் நுனி மொட்டையாக இருக்கும். பழசில் ஊசி போல நீண்டிருக்கும். பெடலோடு சேர்ந்திருக்கும் முன் பல்சக்கரத்திலோ, பின் சக்கரத்தில் இருக்கும் பல்சக்கர அடுக்கான கேசட்டிலோ இப்படி ஆனால் விஷயம் தீவிரம்தான். மிதிக்கும் சக்தி முழுவதும் அந்தப் பற்கள் வழியாகத்தான் போகிறது, தேய்ந்தால் செயின் வழுக்கும். ஜாக்கி வீலில் கதை வேறு.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். 50 பல் உள்ள முன் சக்கரத்தை நிமிடத்துக்கு 90 சுற்று மிதித்தால் செயின் விநாடிக்குச் சுமார் 0.95 மீட்டர் ஓடுகிறது. செயினின் ஒரு கண்ணியின் நீளம் 12.7 மில்லிமீட்டர், அதிலிருந்து வருவதுதான் இந்த வேகம். 200 வாட் சக்தியில் மிதித்தால், செயினின் மேல்பக்கத்தில் சுமார் 210 நியூட்டன் இழுவிசை இருக்கும். அதாவது இருபது கிலோவுக்கு மேல் தொங்கவிட்டது போன்ற இழுப்பு. ஜாக்கி வீல்கள் இருப்பதோ கீழ்ப்பக்கத்தில். அங்கே இருப்பது டீரெய்லரின் ஸ்பிரிங் இழுக்கும் இழுப்பு மட்டும். தோராயமாக ஒரு கிலோ, இரண்டு கிலோ எடைக்குச் சமம். அதனால் பல் கூர்மையான ஜாக்கி வீலில் செயின் வழுக்கி உங்கள் கால் தடுமாறப் போவதில்லை. புதுச் செயின் போடும்போதெல்லாம் ஜாக்கி வீலையும் மாற்றியே ஆகவேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

அப்படியானால் எப்போது மாற்றுவது? பல்லின் நீளவாட்டுத் தேய்வைவிட அதன் தடிமன் முக்கியம். பல் மெலிந்துபோனால் செயினின் உள்தட்டுகளுக்கு நடுவே அது இடமும் வலமும் ஆடும். மேல் சக்கரம் செயினை எங்கே நிறுத்த நினைக்கிறதோ அங்கே செயின் நிற்காது. 8 கியர் கேசட்டில் பக்கத்துப் பக்கத்துப் பல்சக்கரங்களின் நடுக்கோட்டுக்கு நடுக்கோடு இடைவெளி 4.8 மில்லிமீட்டர். 10 கியரில் அது 3.95 ஆகச் சுருங்கிவிடுகிறது. 11, 12 என்று போகப்போக இன்னும் நெருங்கும். 8 கியர் வண்டி பொறுத்துக்கொள்ளும் ஆட்டத்தை 12 கியர் வண்டி பொறுத்துக்கொள்ளாது.

அடுத்தது அச்சின் தேய்வு. இங்கே ஒரு விஷயத்தைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் நல்ல சக்கரத்தைத் தூக்கிப் போடுவது இந்த இடத்தில்தான் நடக்கிறது. மேல் சக்கரத்தை இரண்டு விரலால் பிடித்து உள்ளே வெளியே தள்ளிப் பாருங்கள். ஷிமானோ நிறுவனத்தின் டீரெய்லராக இருந்தால் சக்கரம் பக்கவாட்டில் கொஞ்சம் நகரும். அது தேய்வு இல்லை, வேண்டுமென்றே விட்டிருப்பது. கிளிக் கிளிக்கென்று படிப்படியாக மாறும் கியரை 1980களில் ஷிமானோ கொண்டுவந்தபோது மேல் சக்கரத்துக்கு இந்தச் சின்ன ஓட்டத்தையும் சேர்த்துக் கொடுத்தது. அதற்கு செண்டிரான் என்று பெயர். கியர் கேபிள் கொஞ்சம் இறுகியோ தளர்ந்தோ இருந்தாலும், சக்கரம் தானே நகர்ந்து பல்சக்கரத்துக்கு நேர்கீழே போய் நின்றுகொள்ளும். கியர் சரியாக விழுந்தபின் வரும் லேசான உரசல் சத்தம் இதனால் அடங்கும்.

இப்போது அதே சக்கரத்தை மேலும் கீழுமாக அசைத்துப் பாருங்கள். அதாவது அச்சிலிருந்து விலகும் திசையில். அங்கே லொடலொடவென்று ஆடினால் அதுதான் தேய்வு. ஒரு பக்கம் சாய்ந்து இரண்டு ஜாக்கி வீல்களையும் தாங்கும் கூடான கேஜின் தட்டில் உரசினாலும் தேய்வுதான். கீழ் சக்கரத்தில் பக்கவாட்டு ஓட்டம் பொதுவாக இருக்காது. இருந்தாலும் கியர் விழுவதை அது பெரிதாகக் கெடுப்பதில்லை.

கிரீச் கிரீச்சென்று சத்தம் வந்தால் பெரும்பாலும் சக்கரத்தின் நடுவில் இருக்கும் சின்னக் குழாயான புஷ் காய்ந்திருக்கிறது என்று அர்த்தம். மிதிக்கும் வேகத்தோடு சத்தமும் கூடும், மிதிப்பதை நிறுத்தினால் நின்றுவிடும். இதற்காக மட்டும் புதிது வாங்கவேண்டியதில்லை.

கியர் சரியாக விழவில்லை என்பதற்காக ஜாக்கி வீலில் கைவைக்கும் முன் டீரெய்லர் தொங்கும் ஹேங்கரைப் பாருங்கள். வண்டியின் பின்னால் நின்று பார்த்தால் கேஜ் கேசட்டுக்கு இணையாகத் தெரியவேண்டும். வண்டி வலப்பக்கம் ஒருமுறை விழுந்திருந்தாலே ஹேங்கர் வளைந்திருக்கலாம். வளைந்த ஹேங்கரில் எவ்வளவு விலையுள்ள சக்கரத்தைப் போட்டாலும் கியர் தடுமாறத்தான் செய்யும். துருவேறிய கேபிளும் அப்படியே.

கழற்றி, துடைத்து, கிரீஸ் போட்டு மறுபடி மாட்டுவது

செலவு ஏறக்குறைய இல்லாத தெரிவு. புஷ் வகைச் சக்கரத்தில் உள்ளே இருப்பது நான்கே உறுப்புகள்: பல்சக்கரம், அதன் நடுத்துளையில் உட்காரும் குழாய் போன்ற புஷ், இரண்டு பக்கமும் மூடும் தகட்டு மூடிகள். புஷ் சக்கரத்தின் தடிமனைவிட ஒரு மயிரிழை நீளமாக இருக்கும். அதனால்தான் போல்ட்டை முழுவதும் இறுக்கினாலும் மூடிகள் சக்கரத்தை நசுக்காமல் சக்கரம் சுற்றுகிறது. புஷ்ஷைத் துணியால் துடைத்துவிட்டு வெளிச்சத்தில் பாருங்கள். வழவழப்பாக இருந்தால் கிரீஸ் பூசி மாட்டிவிடலாம். ஒரு பக்கம் மட்டும் பள்ளமாகத் தேய்ந்து விரல் நகத்தில் விளிம்பு தட்டினால் அந்தச் சக்கரத்தின் ஆயுள் முடிந்தது.

சீல் போட்ட பேரிங் வகையில், பக்கத்து ரப்பர் சீலை ஊசி முனையால் உள்விளிம்பில் மெதுவாக நெம்பி எடுக்கலாம். பழைய கிரீஸைக் கரைத்துக் கழுவி, நன்றாக உலரவிட்டு, புதுக் கிரீஸ் வைத்து, சீலை விரலால் அமுக்கினால் உட்கார்ந்துவிடும். கழுவிய பிறகும் விரலில் சுற்றும்போது மணல் அரைபடுவது போன்ற உணர்வு இருந்தால் பேரிங் போய்விட்டது. சில சக்கரங்களில் பேரிங்கை மட்டும் தட்டி எடுத்துப் புதிது பதிக்கலாம். பல் நன்றாக இருக்கும் அலுமினியச் சக்கரத்துக்கு இது அருமையான வழி. பிளாஸ்டிக்கில் பேரிங் வார்ப்போடு சேர்ந்தே இருந்தால் அந்த முயற்சியை விட்டுவிடலாம்.

இந்தத் தெரிவின் குறை ஒன்றே. பல் மெலிந்திருந்தால் கிரீஸ் எதையும் திருப்பித் தராது.

நிறுவனத்தின் அசல் ஜோடி

அசல் ஜோடியை நான் முன்னிறுத்துவதற்குக் காரணம் பிராண்ட் மோகம் இல்லை, மேல் சக்கரத்தின் அந்தப் பக்கவாட்டு ஓட்டம்தான். அது எவ்வளவு இருக்கவேண்டும் என்பது அந்த டீரெய்லரின் கேபிள் இழுப்பு, கேசட்டின் இடைவெளி எல்லாவற்றோடும் சேர்த்துத் தீர்மானிக்கப்பட்டது. பொதுப்படையாக எல்லா டீரெய்லருக்கும் பொருந்தும் என்று விற்கும் சக்கரத்தில் அது பெரும்பாலும் இருப்பதில்லை.

அசல் ஜோடியிலேயே படிநிலைகள் உண்டு. விலை குறைந்த டீரெய்லர்களில் இரண்டு சக்கரத்திலும் உலோகப் புஷ் இருக்கும். நடுத்தரத்தில் மேல் சக்கரத்துக்குச் செராமிக் புஷ் வருவதுண்டு. இது செராமிக் குண்டுகள் உள்ள பேரிங் இல்லை, தேய்மானம் குறைந்த செராமிக் குழாய் மட்டுமே. மழையிலும் சேற்றிலும் துருப்பிடிக்காது, அதுவே அதன் பெரிய நன்மை. மேல்தட்டு மாடல்களில் சீல் பேரிங் இருக்கும். பல்லின் எண்ணிக்கையும் தலைமுறையும் ஒன்றாக இருந்தால், மேல்தட்டு மாடலின் ஜோடியைக் கீழ்த்தட்டு டீரெய்லரில் போடுவது பெரும்பாலும் பொருந்தும். நல்ல பலன் தரும் சிறிய மேம்பாடு இது. மழையில் தினமும் ஓட்டுகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வதும் இதுதான்.

இன்னொரு தயாரிப்பாளரான ஸ்ராமின் டீரெய்லர்களில் மேல் சக்கரத்தில் இந்த ஓட்டம் இருக்காது. மொத்த அமைப்பையும் அதற்கேற்றபடி வடிவமைத்திருக்கிறார்கள். அதனால் ஸ்ராம் வண்டிக்காரர்கள் வேறு நிறுவனங்கள் செய்யும் வெளிச்சந்தைச் சக்கரத்துக்குப் போவதில் இழப்பு குறைவு. ஆனால் அங்கே வேறொரு சிக்கல் இருக்கிறது, பொருத்தம் பற்றிப் பேசும்போது வருகிறேன்.

வெளிச்சந்தை பிளாஸ்டிக் சக்கரம், சீல் பேரிங்கோடு

டீரெய்லர் பழைய மாடலாகி அசல் உதிரி கிடைக்காதபோது இதுதான் கைகொடுக்கும். நல்ல தயாரிப்பாளர்கள் பல தடிமனில் வாஷர்களையும் நடுக்குழாய்களையும் சேர்த்தே தருகிறார்கள். கேஜ் தட்டுகளுக்கு இடையே சரியான இடைவெளி வரும்படி அவற்றை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்கலாம். கீழ் சக்கரத்துக்கு இது முழுத் திருப்தியான தெரிவு. புஷ்ஷைவிட லேசாகச் சுற்றும், பராமரிப்பும் குறைவு.

மேல் சக்கரத்தில் போட்டால், ஓட்டம் இல்லாததால் கேபிள் சரிசெய்வதில் துல்லியம் வேண்டும். பீப்பாய் போன்ற அந்தச் சரிசெய்யும் திருகில் கால் சுற்று வித்தியாசம்கூடக் காதில் கேட்கும். 7, 8 கியர் வண்டியில் இதைச் சமாளித்துவிடலாம். 11 கியர் ஷிமானோவில் ஓட்டமில்லாத மேல் சக்கரத்தைப் போட்டுவிட்டு, கேபிள் கொஞ்சம் நீண்டதும் சத்தம் வருகிறதே என்று திணறுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். கேபிள் மேல் பழி போட்டுப் பிரயோஜனம் இல்லை. முன்பும் கேபிள் அதே அளவு நீண்டுகொண்டுதான் இருந்தது, சக்கரம் அதைச் சரிக்கட்டிக்கொண்டிருந்தது.

அசல் மேல் சக்கரமும் வெளிச்சந்தைக் கீழ் சக்கரமுமாகக் கலந்து போடலாமா? தாராளமாகப் போடலாம். பல் எண்ணிக்கை பொருந்தினால் போதும். பழைய ஜோடியில் மேல் சக்கரம் நன்றாக இருந்து கீழ் சக்கரம் மட்டும் போயிருந்தால், நான் இதைத்தான் செய்வேன்.

அலுமினியம்

கடைந்தெடுத்த அலுமினியச் சக்கரங்கள் பார்க்க அழகு. சிவப்பு, நீலம், தங்கநிறம் என்று வரும். பல் பிளாஸ்டிக்கைவிட மெதுவாக மெலியும் என்பது உண்மைதான். ஆனால் பிளாஸ்டிக் செயினின் சத்தத்தை உள்வாங்கிக்கொள்ளும், அலுமினியம் அதைப் பெரிதாக்கித் திருப்பித் தரும். செயின் கொஞ்சம் காய்ந்தாலும் சலசலவென்று கேட்கும். மேல் சக்கரத்தில் ஓட்டமில்லாத குறை இங்கேயும் பெரும்பாலும் அப்படியே இருக்கிறது, அதோடு கடினத்தன்மையும் சேர்ந்துகொள்கிறது.

மணலும் புழுதியும் உள்ள பாதையில் வண்ணப்பூச்சு பல்லின் ஓரத்தில் முதலில் போகும், பிறகு வெள்ளி நிறம் தெரியும், பிறகு அலுமினியமும் தேயத்தான் செய்யும். எஃகுச் செயினுக்கு முன்னால் அது மென்மையான உலோகம்தான். அழகுக்காக வாங்குகிறேன் என்று ஒருவர் சொன்னால் அது நேர்மையான காரணம், மறுக்க ஒன்றுமில்லை. நீடித்து உழைக்கும் என்பதற்காக மட்டும் வாங்குவதாக இருந்தால், அந்தப் பணத்தில் அசல் பிளாஸ்டிக் ஜோடியை ஒன்றுக்கு மேற்பட்ட முறை மாற்றிவிடலாமே என்பதையும் யோசிக்கவேண்டும்.

செராமிக் பேரிங்

சந்தையில் கலப்புச் செராமிக் என்று விற்பவற்றில் குண்டுகள் சிலிக்கான் நைட்ரைடால் ஆனவை, அவை ஓடும் வளையங்கள் எஃகு. வளையத்தையும் செராமிக்கில் செய்தவை இன்னும் விலை கூடியவை. எல்லாவற்றிலும் சொல்லப்படும் பயன் ஒன்றுதான், உராய்வு குறையும்.

எவ்வளவு குறையும்? மேலே போட்ட கணக்கைத் தொடரலாம். 50 பல் முன் சக்கரம், 90 சுற்று என்றால், 11 பல் ஜாக்கி வீல் நிமிடத்துக்கு 409 முறை சுற்றுகிறது. செயின் வளைந்து போவதால் அச்சில் விழும் சுமை 30 நியூட்டன் என்று வைத்துக்கொள்வோம். புஷ்ஷின் ஆரம் 4 மில்லிமீட்டர், உராய்வுக் குணகம் 0.1 என்று எடுத்தால், புஷ் வகைச் சக்கரம் ஒன்று விழுங்கும் சக்தி சுமார் அரை வாட். குண்டு பேரிங்கில் உருளும் உராய்வு அதைவிடப் பல மடங்கு குறைவு, ஒரு வாட்டின் நூறில் ஒரு பங்கு என்ற அளவுக்கு வந்துவிடும். அதற்கு மேல் சீலும் கிரீஸும் கொஞ்சம் பிடிக்கும்.

இந்தக் கணக்கில் கவனிக்கவேண்டியது எது எங்கே மிச்சமாகிறது என்பதை. புஷ்ஷிலிருந்து சாதாரண எஃகு பேரிங்குக்குப் போகும்போதே கிடைக்கவேண்டியது ஏறக்குறைய எல்லாம் கிடைத்துவிடுகிறது. எஃகிலிருந்து செராமிக்குக்குப் போகும்போது மிச்சமாவது, இருக்கும் துளியூண்டில் ஒரு பகுதி. செராமிக் பேரிங்கைக் கையில் சுண்டிவிட்டால் நெடுநேரம் சுற்றும், கடையில் அதைத்தான் காட்டுவார்கள். அதில் பெரும்பங்கு மெல்லிய கிரீஸாலும் தொடாத சீலாலும் வருகிறது. அதே சீல் தண்ணீரையும் புழுதியையும் எளிதாக உள்ளே விடும். குண்டு துருப்பிடிக்காது, எஃகு வளையம் பிடிக்கும். உள்ளே மணல் போய்விட்டால் கடினமான குண்டு வளையத்தைத்தான் கீறும். அடிக்கடி திறந்து சுத்தம் செய்யத் தயாராக இருப்பவர்களுக்கு, பந்தயத்தில் ஒவ்வொரு வாட்டையும் கணக்குப் பார்க்கிறவர்களுக்குச் சரி. மற்றவர்கள் அதே பணத்தில் நல்ல செயினும் நல்ல எண்ணெயும் வாங்கினால் அதிகம் கிடைக்கும். அழுக்கேறிய செயின் ஒன்று வீணாக்குவதற்குப் பக்கத்தில் இந்த அரை வாட் நிற்காது.

பெரிய சக்கரமும் புதுக் கேஜும்

சாலைப் பந்தய வண்டிகளில் பெரிய ஜாக்கி வீல்களைப் பார்த்திருப்பீர்கள். இதன் பின்னால் இருக்கும் கருத்து சரியானதுதான். 11 பல் சக்கரத்தில் செயினின் ஒவ்வொரு கண்ணியும் 32.7 பாகை மடங்கி நிமிரவேண்டும். 17 பல் என்றால் 21.2 பாகை போதும். சக்கரமும் 409க்குப் பதில் 265 சுற்றுதான் சுற்றுகிறது. மடங்கல் குறைந்தால் கண்ணிகளுக்குள் உராய்வு குறையும்.

ஆனால் இதற்குச் சக்கரம் மட்டும் போதாது, கேஜையே மாற்றவேண்டும். செயினின் நீளம் போதாமல் போகலாம். சில கேஜ்களில் ஸ்பிரிங் இழுப்பையும் குறைத்து வைக்கிறார்கள், மிச்சமாகும் சக்தியில் ஒரு பங்கு அதனால்தான். இழுப்பு குறைந்தால் மேடுபள்ளத்தில் செயின் துள்ளும். கியர் மாறும் வேகமும் தரமும், டீரெய்லரைச் செய்தவர்கள் நினைத்த அளவில் இல்லாமல் போகக்கூடும். தேய்ந்த ஜாக்கி வீலுக்கு மாற்று என்ற கேள்விக்கு இது பதில் இல்லை. வண்டியை வேறு மாதிரி ஆக்க நினைப்பவர்களின் தெரிவு இது.

டீரெய்லரையே மாற்றிவிடுவது

இதையும் தெரிவுகளில் சேர்க்கவேண்டும். சக்கரத்தைக் கழற்றும்போதே கேஜின் கீழ்நுனியைப் பிடித்து உள்ளே வெளியே அசைத்துப் பாருங்கள். டீரெய்லர் மடங்கி நகர உதவும் இணைகர மூட்டுகள் எல்லாம் ஆடினால், மேல் சக்கரத்தை எவ்வளவு துல்லியமாகப் போட்டாலும் அது நிற்கும் இடம் நிலையாக இருக்காது. கேஜ் முறுகியிருந்தாலும் அப்படித்தான். விலை குறைந்த டீரெய்லருக்கு, அதன் விலையில் பாதிக்குமேல் கொடுத்துச் சக்கரம் வாங்குவதில் பொருளில்லை. நல்ல டீரெய்லர், மூட்டு இறுக்கமாக இருக்கிறது என்றால், ஜாக்கி வீல் மாற்றுவதோடு அது இன்னும் நெடுங்காலம் ஓடும்.

பொருத்தம்: வாங்கும் முன் எண்ணிப் பாருங்கள்

பல் எண்ணிக்கைதான் முதல் கேள்வி. ஷிமானோவின் சாலை வண்டிகளிலும் பழைய மலை வண்டிகளிலும் 11 பல் பரவலானது. 12 கியர் மலை வண்டி டீரெய்லர்களில் இரண்டுமே 13. ஸ்ராமின் 12 கியர் மலை வண்டி அமைப்பான ஈகிளில் பெரும்பாலும் மேலே 12, கீழே 14. பழைய டீரெய்லர்கள் சிலவற்றில் 10. நினைவை நம்பவேண்டாம், ஒரு பல்லில் மார்க்கர் புள்ளி வைத்து எண்ணுங்கள்.

ஒரு பல் கூடினால் சக்கரத்தின் ஆரம் ஏறக்குறைய 2 மில்லிமீட்டர் கூடும். 11க்குப் பதில் 13 போட்டால் மேல் சக்கரம் கேசட்டின் பெரிய பல்சக்கரத்தை 4 மில்லிமீட்டர் நெருங்கிவிடும். அந்த இடைவெளியே ஐந்தாறு மில்லிமீட்டர்தான் என்றால், உரசுவதற்கு வெகுதூரம் இல்லை. கேஜ் தட்டிலும் செயின் இடிக்கும்.

எத்தனை கியர் செயின் என்பது நினைக்கும் அளவுக்குத் தடையில்லை. 8 கியர் செயினின் வெளி அகலம் சுமார் 7.1, 11 கியருடையது சுமார் 5.5 மில்லிமீட்டர். பெரிதாக மாறியிருப்பது வெளி அகலம். உள் அகலம் அவ்வளவு மாறவில்லை. அதனால் 9 கியருக்கென்று விற்கும் 11 பல் சக்கரம் 10 கியரிலும் ஓடும். விதிவிலக்குகள்தான் முக்கியம். ஸ்ராமின் புதிய சாலை அமைப்பில் வரும், மேல்பக்கம் தட்டையான செயினின் உருளைகள் வழக்கத்தைவிடப் பெரியவை, அதற்கென்று செய்த சக்கரம்தான் வேண்டும். ஈகிள் சக்கரங்களில் பற்கள் ஒன்று அகலம், ஒன்று குறுகல் என்று மாறிமாறி வருவதும் உண்டு. ஸ்ராமில் வேறொரு சிக்கல் என்று சொன்னேனே, அது இதுதான். வெளிச்சந்தையில் வாங்கும்போது பெட்டியில் உங்கள் டீரெய்லரின் பெயர் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்.

மாட்டும்போது

செயினைக் கழற்றவேண்டியதில்லை. கீழ் போல்ட்டை முழுவதும் எடுத்து, மேல் போல்ட்டைத் தளர்த்தினாலே உள்தட்டு ஒரு பக்கம் சுழன்று வழிவிடும். ஷிமானோவில் பெரும்பாலும் 3 மில்லிமீட்டர் ஆலன் கீ, ஸ்ராமில் டி25 நட்சத்திரக் கீ. சில மாடல்களில் ஒரு போல்ட்டுக்கு, எதிர்த்திசையில் திருப்பவேண்டிய இடமரை இருக்கும். திரும்ப மறுத்தால் பலத்தைக் கூட்டாமல் முதலில் கையேட்டைப் பாருங்கள். கழற்றும் முன் ஒரு புகைப்படம் எடுத்துக்கொள்வது நல்லது, முக்கியமாகச் செயின் போகும் வழிக்காக. கேஜின் உள்பக்கம் செயினைக் காக்க ஒரு சின்னத் தகட்டு நாக்கு இருக்கும். செயின் அதன் உள்ளே போகவேண்டும். வெளியே போய்விட்டால் மிதிக்கும்போது கரகரவென்று அரைக்கும், கியரில் கோளாறு என்று தேடிக்கொண்டே இருக்க நேரும்.

சக்கரங்களை ஒவ்வொன்றாக மாற்றுங்கள். ஷிமானோவில் மேல் சக்கரம், கீழ் சக்கரம் என்று முகத்திலேயே எழுதியிருக்கும். சிலவற்றில் சுற்றும் திசைக்கு அம்புக்குறியும் உண்டு. இரண்டும் வேறு வேறு வகை என்றால் இடம் மாற்றிப் போடக்கூடாது. ஓட்டமுள்ள சக்கரம் கீழே போய், இறுக்கமானது மேலே வந்துவிட்டால், வாங்கியதன் பலனே போய்விடும்.

போல்ட்டின் மரையைத் துடைத்து, நடுத்தர வலுவுள்ள மரைப்பூட்டுப் பசை ஒரு சொட்டு விடுங்கள். இந்த போல்ட்கள் அதிர்வில் கழன்று விழுவதுண்டு, விழுந்தால் கேஜ் பிரிந்து சக்கரக் கம்பிகளுக்குள் சிக்கும். ஷிமானோ சொல்லும் இறுக்கம் 2.5 முதல் 5 நியூட்டன் மீட்டர். 

மாட்டியதும் பெடலைப் பின்னோக்கிச் சுற்றுங்கள். செயின் இரண்டு சக்கரத்திலும் தாவாமல் ஓடவேண்டும். அப்புறம் மிகப் பெரிய பல்சக்கரத்துக்கு மாற்றி, மேல் சக்கரத்துக்கும் அதற்கும் நடுவே இருக்கும் இடைவெளியைப் பாருங்கள். நெருக்கமாக இருந்தால் அந்த இடைவெளியைக் கூட்டிக் குறைக்கும் பி திருகை இறுக்கிச் சரிசெய்துகொள்ளலாம். கேபிள் சரிசெய்வதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். பழைய சக்கரத்தின் தேய்வுக்கு ஏற்றபடி முன்பு திருகியிருந்தது இப்போது பொருந்தாது, அதனால் நடுக் கியரிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொரு படியாக ஏற்றி இறக்கிப் பாருங்கள்.